நாற்காலியில் போட்ட துணி

மேஜை இல்லாத வீட்டில் பிறந்தவன் மேஜை விரிப்பைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. நான் வாயைத் திறந்ததோடு நிற்காமல் தைக்கவே உட்கார்ந்துவிட்டேன். அதன் பலனாக, எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்த மனிதரையும், அவர் மனைவியையும், ஒரு ரயில் பெட்டி நிறைய ஜனத்தையும் பட்டப்பகலில் பசியோடு நிற்க வைத்தேன். பிரியாணி தயார். நாற்காலிகள் காலி. ஆனால் ஒருவர்கூட உட்காரவில்லை.

நித்யாவும் நானும் பெங்களூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். நான் கோலார் தங்கவயலில் இருக்கும் கோரமண்டலிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறவன். அவள் பிறந்து வளர்ந்ததே பெங்களூர். பேச்சு கல்யாணம்வரை வந்ததும் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தாள். அவள் அப்பா வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். கேள்வியை நிதானமாகக் கேட்பார், பதிலை அதைவிட நிதானமாகக் கேட்டுக்கொள்வார், கடைசியில் "ஹூம்" என்பார். (அந்த ஹூமுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை அவர் மனைவிக்கே தெரியாதாம்.)

அந்த வீட்டில்தான் உருப்படியான ஒரு மேஜை விரிப்பை முதல் தடவையாகப் பார்த்தேன். ஹோட்டலில் பார்த்ததில்லையா என்று கேட்காதீர்கள். நான் போகிற ஹோட்டலில் மேஜையைத் துடைக்கிற துணிதான் உண்டு. இது தும்பைப்பூ வெள்ளை. நான்கு பக்கமும் ஒரே அளவாக இறங்கி, மூலையில் தையல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாத மடிப்பு. தட்டுக்குப் பக்கத்தில் அதே துணியில் சதுரமாக ஒரு நாப்கின். நான் அசந்துபோனேன். சாதத்தைப் பிசையக் கை வரவில்லை. ஒரு சொட்டு ரசம் சிந்தினாலும் சம்பந்தமே முறிந்துவிடும் என்று பயந்து, கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவன் மாதிரி இடது கையை அடியில் ஏந்திக்கொண்டு சாப்பிட்டேன்.

"கே.ஜி.எஃப்ல இப்ப என்ன இருக்கு? மைன்ஸைத்தான் மூடிட்டாங்களே" என்றார் நித்யாவின் அப்பா.

இந்தக் கேள்விக்கு ரயிலிலேயே பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் கண் அந்த மூலை மடிப்பின் மேலேயே இருந்ததால், "துணி ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டேன்.

"ஹூம்" என்றார். பிறகு, "ஒரு ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றோம். பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

வாசல்வரை வந்த நித்யாவின் முகத்தில் சிரிப்பே இல்லை. "அப்பா ஒரு தடவை வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் மாத்தவே மாட்டாரு. அந்த ஒரு நாள்தான் நமக்கு. பார்த்துக்கோ" என்றாள்.

வேறு எவனாவது இருந்தால் வீட்டுக்கு வெள்ளையடித்திருப்பான். நல்ல சமையல்காரரைத் தேடியிருப்பான். எனக்கோ, அந்த மாதிரி ஒரு விரிப்பும் நாப்கின்களும் இருந்துவிட்டால் போதும், மூடிக் கிடக்கும் மைன்ஸையே திறந்த மாதிரி என்று தோன்றியது. கடையில் வாங்கினால் மரியாதை இல்லை, என் கையால் தைக்க வேண்டும் என்று வேறு முடிவு செய்தேன். காதல் கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு அது மூளையையும் சேர்த்து மறைத்தது.

அம்மாவிடம் ஒரு பழைய காலால் மிதிக்கும் மெஷின் உண்டு. மைன்ஸ்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேருடைய ஜாக்கெட் அதில் தைத்ததுதான். விஷயத்தைச் சொன்னதும் அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தி வர்றாங்களே, இன்னா சோறு ஆக்கறதுன்னு கேப்பேன்னு பார்த்தா, மேசைக்குச் சட்டை தைக்கறேன்றியே! மேசை எங்கடா கீது நம்ம வீட்ல?"

"ஷாமியானாக் கடையில வாடகைக்கு எடுத்துக்கலாம்மா."

"அப்ப வாடகை மேசைக்கா சட்டை? நல்லா கீதுடா நியாயம்" என்றாள். ஆனால் மெஷினை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் வெள்ளைக் காடாத் துணி வாங்கிக்கொண்டு வந்தேன். முதல் நாள் மெஷின் பின்பக்கமாகவே ஓடியது. இரண்டாம் நாள் ஊசி ஒடிந்தது. மூன்றாம் நாள்தான் நேராக ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட பிரமிப்பை இப்போது சொன்னாலும் சிரிப்பார்கள். மேலே இருந்து ஒரு நூல் இறங்குகிறது, அடியில் பாபினிலிருந்து ஒரு நூல் ஏறுகிறது, துணிக்குள் எங்கேயோ யாரும் பார்க்காத இடத்தில் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. சின்ன வயதிலிருந்து அந்த மெஷின் சத்தத்தில்தான் தூங்கி எழுந்திருக்கிறேன். ஒரு நாளாவது குனிந்து பார்த்தேனா? இல்லை. பலகையைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மெஷினுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டபடி அம்மா ஓடி வந்தாள்.

அடுத்தது மூலை. போனில் வீடியோ பார்த்து, துணியைக் குறுக்கே மடித்து, தைத்து, உபரியை வெட்டிவிட்டு, உள்ளிருந்து வெளியே திருப்பினேன். அடடா! கூர்மையாக, சுத்தமாக, நித்யா வீட்டு மேஜையில் பார்த்த அதே மூலை என் கையில் வந்து உட்கார்ந்தது. தாஜ்மகால் கட்டிய மேஸ்திரிக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அப்பா ஆயுள் பூராவும் பூமிக்கு அடியில், ஷிஃப்டு ஷிஃப்டாக, பாறைக்கு முட்டுக் கொடுத்து மரம் நிறுத்தும் வேலை செய்தவர். எதையும் லேசில் புகழ மாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. மீதி மூணு மூலை எங்கே?"

மீதி மூன்று மூலைகளைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஒரு வழியாக விரிப்புகளையும் ஒரு குவியல் நாப்கின்களையும் முடித்து, துவைத்து, கஞ்சி போட்டுக் காயவைத்தேன். காய்ந்ததும் ஷாமியானாக் கடைக்கு எடுத்துப்போய் ஒரு மேஜையில் போட்டுப் பார்த்தால், முழங்கால்வரை தொங்க வேண்டிய விரிப்பு மேஜை விளிம்போடு நின்றுவிட்டது. காடாத் துணி தண்ணீரைக் கண்டதும் சுருங்கிவிட்டது.

"நனைக்காமயே தைச்சியா?" அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏன்டா, ஜாக்கெட் லைனிங்கைக்கூட நான் நனைச்சுதானேடா வெட்டுவேன்? பக்கத்துல உக்காந்து பார்த்துகினுதானே வளந்தே!"

ஜாக்கெட் தைத்து மீந்த மெரூன் துண்டுகளைத் தேடி எடுத்து, சுற்றிலும் ஒட்டுப் போட்டு நீளம் சேர்த்தேன். விரிப்புகள் இப்போது சுங்குடிச் சேலை மாதிரி இருந்தன. நாப்கின் கதை வேறு. பதம் தெரியாமல் கெட்டிக் கஞ்சியில் முக்கியிருந்தேன். அவை தகடாக விறைத்துவிட்டன. கீழே போட்டால் "டொக்" என்று சத்தம் வந்தது.

இதற்கிடையில் அப்பா ஒரு காரியம் செய்தார். "அவங்க பெங்களூரு ஆளுங்க. நம்ம பக்கமும் நாலு பேரு நிக்கணும்" என்று சொல்லி, நான் தினமும் போகும் ரயில் பெட்டியையே கூப்பிட்டுவிட்டார். விடியற்காலையில் ஏறி இரவில் இறங்கும் அந்தப் பெட்டிதான் எங்களுக்குச் சொந்தபந்தம். ஒருவருக்குப் பிள்ளை பிறந்தால் பெட்டிக்கே லட்டு. ஒருவர் வீட்டில் சாவு என்றால் பெட்டி முழுக்க லீவு. அதற்குத் தலைவர் முனிரத்தினம் மாமா. மைன்ஸ் இருந்தபோது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜில் வேலை பார்த்தவர். மூடிய பிறகு பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. லைன் வீடுகளுக்கு நடுவே ஷாமியானா போட்டு, வாடகை மேஜைகளை வரிசையாகப் போட்டு, என் விரிப்புகளை விரித்தேன். தள்ளி நின்று பார்த்தேன். ஒட்டுப் போட்ட விரிப்புதான், ஆனாலும் வரிசையாகப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. நாப்கினைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று ஞாபகம் இருந்தது. ஆனால் அம்மா வாழையிலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டாள். பக்கத்தில் இடமும் இல்லை, ஈரம் வேறு. அதனால் ஒவ்வொரு நாற்காலியின் மேலும் ஒரு நாப்கினை அழகாக வைத்தேன்.

கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது போன் வந்தது. நித்யாவின் அப்பா.

"தம்பி, மேப் எங்களை மைசூர் மைன்ஸ்னு ஒரு இடத்துக்குக் கூட்டிட்டு வந்து விட்டுடுச்சு. இங்க ஒரு பூட்டின கேட்டும் ஒரு ஆடும்தான் இருக்கு."

குரலில் ஹூம் இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். காரில் அவரும் அவர் மனைவியும் மட்டும்தான், நித்யாவை அழைத்து வரவில்லை. அவர்கள் காருக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு திரும்பி வந்து ஷாமியானாவுக்குள் நுழைந்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

பெட்டி மொத்தமும் வந்திருந்தது. மனைவி மக்களோடு, நல்ல சட்டை, நல்ல சேலை, பூ. அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர், கையை முன்னால் கட்டிக்கொண்டு. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. என் ஜனங்களுக்கு இப்படி ஒரு நாகரிகமா? விருந்தாளி உட்காராமல் தாங்கள் உட்காரக் கூடாது என்று நிற்கிறார்களே!

நித்யாவின் அப்பாவும் அசந்துபோனார். "எல்லாரும் நிக்கறாங்களே. எங்களுக்காகவா?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

"எங்க ஊரு மரியாதை சார்" என்றேன் நான், நானே கற்றுக்கொடுத்த மாதிரி.

அவர் முகம் முதல் தடவையாக இளகியது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மரியாதைக்கு மரியாதை செய்கிற பரம்பரையாம். "அப்படின்னா அவங்க உக்காராம நாங்க உக்கார மாட்டோம்" என்று சொல்லி, மனைவியோடு ஓரமாக நின்றுகொண்டார்.

"உக்காருங்க மாமா" என்றேன் முனிரத்தினம் மாமாவிடம்.

"பரவால்லடா. ஆளுங்க வரட்டும்."

"வந்துட்டாங்களே மாமா!"

மாமா நித்யாவின் பெற்றோரைப் பார்த்தார். நாற்காலி வரிசையைப் பார்த்தார். "இவங்க ரெண்டு பேருதானே? மீதி ஆளுங்க?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரியாணி அண்டாவைத் திறந்து மூடித் திறந்து மூடி அம்மாவின் கை ஓய்ந்தது. குழந்தைகள் முனக ஆரம்பித்தார்கள். வெயில் ஏறியது. உட்காரச் சொல்லி அப்பா கும்பிட்டார், அவர்களும் பதிலுக்குக் கும்பிட்டார்கள், நின்றார்கள். கடைசியில் நித்யாவின் அப்பா நெகிழ்ந்துபோய், நேராக முனிரத்தினம் மாமாவிடம் சென்று அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, போதும். எங்களுக்காக இவ்வளவு நேரம் நிக்க வேண்டாம். உக்காருங்க."

"உங்களுக்காகவா?" மாமாவுக்குப் பொய் பேச வராது. "அதில்ல சார். எல்லாச் சீட்லயும் துணி போட்ருக்கு பாருங்க. யாரு போட்டதுன்னு தெரியல. அவங்க வந்தா கேட்டுட்டு உக்காரலாம்னு நின்னுகினு கீறோம்."

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று பார்த்தேன். (எங்கள் ஊரில் அதற்கு வசதி அதிகம். அன்று அதுவும் நடக்கவில்லை.)

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ரயிலில் சீட்டின் மேல் ஒரு கர்ச்சீப் கிடந்தால் அது ஒருவருடைய இடம். ஜன்னல் வழியாகப் போட்டிருப்பார்கள், ஆள் பின்னால் வருவார். அந்தத் துணியை எடுத்துவிட்டு உட்காருவது எங்கள் அகராதியில் கிடையாது. கால் வலித்தாலும், பெட்டி பிதுங்கினாலும், அந்தச் சீட் காலியாகவே போகும். பங்காரப்பேட்டை ஜங்ஷன்வரை ஆள் வராவிட்டால்தான் அடுத்தவர் உட்காரலாம், அதுவும் நாலு பேரைக் கேட்டுவிட்டு. தினமும் அதே ரயிலில் கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்கிற நான்தான், அதே ஜனங்களை அழைத்து, எல்லா நாற்காலியிலும் துணி போட்டு வைத்திருக்கிறேன். என்னைப் போல ஒரு அதிபுத்திசாலியைக் கோலார் மாவட்டம் பார்த்திருக்காது.

"மாமா, அது நாப்கின் மாமா!" என்றேன் அழாத குறையாக.

"நாப்கின் எனக்குத் தெரியாதாடா? எங்கப்பா வெள்ளைக்காரன் கிளப்புல சாப்பாடு பரிமாறுன பேரரு. நாப்கின்னா தட்டுப் பக்கத்துல இருக்கணும். சீட்டு மேல கெடந்தா அது கர்ச்சீப்புதான்."

வாதத்தில் ஓட்டையே இல்லை. நித்யாவின் அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஊரு மரியாதைன்னு சொன்னீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஒரு நாளும் போயிற்று, நித்யாவும் போனாள் என்றுதான் நினைத்தேன். அப்போது நித்யாவின் அம்மா ஒரு நாப்கினைக் குனிந்து பார்த்துவிட்டு, மேஜை விரிப்பின் மெரூன் ஒட்டைக் கையால் தடவி, "இதெல்லாம் யார் தைச்சது?" என்று கேட்டார்.

அம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "இவன்தாம்மா! ஒரு வாரமா மெஷினை உட்டு எழுந்திரிக்கல. உங்க வீட்டு மேசையில பார்த்தானாம். அதே மாதிரி உங்களுக்குப் போடணும்னு ஊசியெல்லாம் ஒடிச்சுப் போட்டுட்டான்."

நித்யாவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ தம்பி! அந்த விரிப்பு விருந்தாளி வந்தா மட்டும்தான் பீரோவுல இருந்து வெளிய வரும். மத்த நாள்ல எங்க மேஜையில நியூஸ்பேப்பர்தான்."

நித்யாவின் அப்பா சிரிக்கவில்லை. நாற்காலிகளையும், அவற்றின் பின்னால் இன்னமும் நின்றுகொண்டிருந்த ஜனத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முனிரத்தினம் மாமாவிடம், "இப்ப இதை எடுத்துட்டு நான் உக்காரலாமா?" என்று கேட்டார்.

"துணிக்காரரைக் கேட்டீங்களா?"

அவர் என்னிடம் வந்தார். "தம்பி, இது உங்க துணியா?"

"ஆமா சார்."

"எடுத்துட்டு உக்காரட்டுமா?"

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். அவருக்கு அடுத்து முனிரத்தினம் மாமா என்னைப் பார்த்தார். "பாபு, உன் துணியாடா? எடுக்கட்டா?" "எடுங்க மாமா." அடுத்தவர் கேட்டார். அவருக்கு அடுத்தவர். அவர் மனைவி. யாரும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, கிண்டலுக்கும் இல்லை. துணி யாருடையது என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அத்தனை பசியிலும், பிரியாணி வாசனை மூக்கைத் துளைக்கும்போதும், வரிசையாக ஒவ்வொருவரும் கேட்டார்கள். நானும் வரிசையாக நின்று ஒவ்வொருவருக்கும் "உக்காருங்க" சொன்னேன். தினமும் அவர்களோடு முட்டி மோதிக்கொண்டு போகிறவன்தான் நான். அன்றுதான் அவர்களைப் பார்த்து எனக்குப் பிரமிப்பாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (நாப்கினால் துடைத்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன். கஞ்சி கன்னத்தைக் கீறிவிட்டது.)

சாப்பாடு நன்றாகவே நடந்தது. யாரும் நாப்கினில் கை துடைக்கவில்லை, துடைக்கவும் முடியாது. நித்யாவின் அப்பா சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தார். நான் அப்போதுதான் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலி காலி. அவர் தன்னுடைய நாப்கினை எடுத்தார். அந்தத் தகட்டை இரண்டாக மடிக்கப் பார்த்தார், மடியவில்லை. அப்படியே என் பக்கத்து நாற்காலியின் மேல் வைத்தார்.

"இது என் பொண்ணோட சீட்டு. வேற யாரும் உக்காரக் கூடாது" என்றார்.

முனிரத்தினம் மாமா எழுந்து நின்று கத்தினார்: "சார் துணி போட்டுட்டாருப்பா! இனிமே அந்த சீட்டை எவன் கேப்பான்?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லார் இலையிலும் இன்னொரு கரண்டி பிரியாணி போட்டாள். வேண்டாம் என்றவர்களுக்கும் போட்டாள்.

கல்யாணம் ஆகி வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது எங்கள் வீட்டில் சொந்த மேஜையே இருக்கிறது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் சரி, நான் உட்காரப் போகும் நாற்காலியைக் காட்டி யாராவது ஒருவர், "பாபு, துணிக்காரரைக் கேட்டியா?" என்பார். நித்யாவுக்கு இந்தக் கதை ஆயுதம். என்னோடு சண்டை போட்டுக்கொண்டு பெங்களூருக்கு, அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், தன் நாற்காலியின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுத்தான் போவாள். போன மாதமும் போனாள். காரணம் நான்தான், விடுங்கள்.

அன்று இரவு சாப்பிட வந்த என் அம்மா, நாற்காலியையும் துணியையும் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு தரையில் போய் உட்கார்ந்தாள்.

"சேர்ல உக்காரேன்மா, அவதான் ஊர்ல இல்லியே" என்றேன்.

"போன் போட்டுக் கேளுடா. கேட்டுட்டு உக்காரறேன்" என்றாள்.

போட்டேன். போனதிலிருந்து என் போனை எடுக்காதவள், முதல் மணியிலேயே எடுத்தாள்.